பட்டன், பட்டன், பட்டன்: பேசாத மென்பொருளைப் பேச வைக்கிற ஸ்கிரிப்டுகள்

ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்த்துப் படிக்குதுன்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

உண்மையில அது திரையைப் பார்க்கிறதே இல்ல. திறந்திருக்கிற மென்பொருள்கிட்ட கேள்வி கேட்குது. இப்ப நிக்கிற இடத்துல இருக்கிறதுக்குப் பேர் என்ன? அது பட்டனா, செக் பாக்ஸா, எழுதுற கட்டமா? டிக் போட்டிருக்கா, இல்லையா? வர்ற பதிலைக் குரலா மாத்திக் காதுல சொல்லும், இல்லைன்னா பிரெய்ல் புள்ளிகளா விரலுக்கடியில கொண்டுவந்து நிறுத்தும். பார்வையற்ற ஒருத்தர் எக்செல்ல சம்பளக் கணக்கு போடுறது, கோடு எழுதுறது, டிக்கெட் எடுக்கிறது எல்லாமே இந்தக் கேள்வி பதில்லதான் ஓடுது.

மென்பொருள் பதிலே சொல்லலைன்னா?

"பட்டன்." டேப் தட்டினா மறுபடி "பட்டன்." இன்னொரு தட்டு, அதுவும் "பட்டன்."

ஒரு பில்லிங் மென்பொருள்ல மேல 8 படம் வரிசையா இருக்குன்னு வெச்சுக்கலாம். ஃபிளாப்பி படம் சேமிக்க, பிரிண்டர் படம் அச்சடிக்க, குப்பைத்தொட்டி அழிக்க. எழுதினவங்க படத்தை மட்டும் வெச்சுட்டுப் பேர் கொடுக்காம விட்டுட்டா, காதால வேலை செய்யறவருக்கு எட்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். சேமிக்கிறது மூணாவதா, நாலாவதா? எண்ணிக்கை ஒண்ணு தப்பினா அன்னைக்குப் போட்ட பில் காலி. இதுல அவரோட திறமைக் குறைவு எதுவுமே இல்ல. புரோகிராமர் ஒரு வரி எழுதாம விட்டிருக்கார், அவ்வளவுதான். ஆனா மாசக் கடைசியில "ஏன் வேலை முடியல"ன்னு மேலதிகாரி கேட்கிறது அந்த புரோகிராமரை இல்ல.

இந்த இடத்துலதான் ஸ்கிரிப்ட் வருது. ஸ்கிரீன் ரீடருக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, குறிப்பிட்ட ஒரு மென்பொருள் திறந்ததும் வேலைக்கு வர்ற குட்டி புரோகிராம். மென்பொருள் சொல்லாததை அது சொல்லும். மூணு நிமிஷம் தேட வேண்டியதை ஒரே விசையில கொண்டுவரும். தேவையில்லாம தொணதொணக்கிறதை அடக்கும். மென்பொருளோட மூல நிரலை அது தொடுறதே இல்ல, எல்லாமே வெளியில இருந்துதான்.

டாஸ் காலத்துல பிரச்சினை இவ்வளவு கடுமையா இல்ல. திரைன்னா 80 எழுத்து அகலம், 25 வரி. அத்தனையும் எழுத்தாவே நினைவகத்துல இருக்கும், எடுத்துப் படிச்சாப் போதும். அப்பவும் எந்த மென்பொருள்ல எதை எப்பப் படிக்கணும்ங்கிற கேள்வி இருந்துச்சு. ஐபிஎம்ல ஜிம் தாட்சர் உருவாக்கின ஸ்கிரீன் ரீடர்ல அதுக்குன்னே பிஏஎல்னு தனியா ஒரு சின்ன மொழி வெச்சிருந்தாங்க.

விண்டோஸ் வந்ததும் எல்லாம் தலைகீழ். திரையில இருக்கிறது எழுத்து இல்ல, வெறும் புள்ளிகள். "இங்க இதை வரை"ன்னு மென்பொருள்கள் விண்டோஸுக்கு அனுப்புற கட்டளைகளை நடுவுல ஒட்டுக்கேட்டு, திரையோட நகல் ஒண்ணை நினைவகத்துல கட்டி வெச்சுத்தான் ஸ்கிரீன் ரீடர்கள் சமாளிச்சுது. 1997ல மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் அக்சசிபிலிட்டி வந்துச்சு. அதுக்கப்புறம் விஸ்டா காலத்துல யூஐ ஆட்டோமேஷன். மேல சொன்ன கேள்வி பதில் நடக்கிறது இந்த வழியிலதான். விண்டோஸ் கொடுக்கிற சாதாரண பட்டனை எழுத்தோட வெச்சா பதில் தானா வந்துடும். அழகா இருக்கணும்னு தானே பட்டனை வரைஞ்சுக்கிற மென்பொருள்ல வராது. அதை எழுதினவரே உட்கார்ந்து பதிலையும் எழுதணும். பெரும்பாலும் எழுதுறதில்ல.

ஸ்கிரிப்ட்னாலே முதல்ல ஞாபகத்துக்கு வர்றது ஜாஸ்ங்கிற ஸ்கிரீன் ரீடர். டெட் ஹென்டர்னு ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978ல ஒரு கார் விபத்துல பார்வை போச்சு. அதுக்கப்புறம் கணினி படிச்சு புரோகிராமர் ஆனார். 1987ல பில் ஜாய்ஸோட சேர்ந்து அமெரிக்காவுல, ஃபுளோரிடாவுல, ஹென்டர்-ஜாய்ஸ்னு கம்பெனி தொடங்கினார். டாஸுக்கு முதல்ல வந்த ஜாஸ், 1995 ஜனவரியில விண்டோஸுக்கும் வந்துச்சு. உலகத்துல இருக்கிற எல்லா மென்பொருளுக்கும் ஒரே கம்பெனி ஆதரவு எழுதித் தீர்க்க முடியாது. அதனால ஜாஸோடவே ஒரு ஸ்கிரிப்ட் மொழியும் சேர்ந்து வருது, யார் வேணும்னாலும் எழுதிக்கலாம்.

ஜாஸோட சொந்த நடத்தையிலயே பெரும்பகுதி அந்த மொழியில எழுதினதுதான். டிஃபால்ட்னு ஒரு பெரிய ஸ்கிரிப்ட் கோப்பு எப்பவும் ஓடிக்கிட்டு இருக்கும். வேர்டு திறந்தா வேர்டுக்குன்னு எழுதின கோப்பு அதுக்கு மேல வந்து உட்காரும். கோப்போட பேரும் மென்பொருளோட எக்ஸி பேரும் ஒண்ணா இருந்தாப் போதும், வேற எந்தப் பதிவும் வேண்டாம். ஒரு வேலைக்கு மேல இருக்கிற கோப்புல வழி இருந்தா அது ஓடும், இல்லைன்னா டிஃபால்ட். எந்த மென்பொருள்ல நிக்கிறப்பவும் இன்சர்ட்டோட பூஜ்யத்தைத் தட்டினா அந்த மென்பொருளுக்கான ஸ்கிரிப்ட் எடிட்டர்லயே திறக்கும். எழுதி, சேமிச்சா தொகுத்தும் முடிஞ்சுடும். படத்துக்குப் பேர் வைக்க மட்டும் போதும்னா ஸ்கிரிப்ட்கூட வேண்டாம், இன்சர்ட்டோட ஜி தட்டிப் பேரை எழுதிட்டாப் போச்சு.

(இதோட அருமை ஒண்ணு இருக்கு. ஸ்கிரிப்ட் எழுதுறவர், அதுக்கான எடிட்டர், அதுக்கான உதவிக் குறிப்பு எல்லாமே அந்த ஸ்கிரீன் ரீடர் வழியாவே புழங்குது. பார்வையற்றவரே தன்னோட கருவியைத் தானே திருத்திக்கலாம். யாரோ வந்து செஞ்சு தரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.)

ஜாஸ் விலை அதிகம். அந்தக் கவலையைத் தீர்த்தது என்விடிஏங்கிற இன்னொரு ஸ்கிரீன் ரீடர். ஆஸ்திரேலியாவுல பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006ல ஆரம்பிச்சார், ஜேம்ஸ் டே சேர்ந்துக்கிட்டார், 2007ல என்வி ஆக்சஸ்னு லாப நோக்கமில்லாத அமைப்பு உருவாச்சு. இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கு. எழுதினது பெரும்பாலும் பைத்தான்ல, அதனால ஸ்கிரிப்ட் மாதிரியான ஆட் ஆன் எழுதுறதும் பைத்தான்லதான். கல்லூரியில பைத்தான் படிச்ச யாருக்கும் இது எட்டுற தூரம்.

அந்த பில்லிங் மென்பொருளையே எடுத்துக்கலாம். முதல்ல என்விடிஏ அமைப்புகள்ல மேம்பட்ட பகுதிக்குப் போய், சோதனைக் கோப்புறையில இருந்து நிரலை ஏத்தலாம்னு அனுமதி கொடுக்கணும். அப்புறம் பேர் இல்லாத பட்டன்ல நின்னு என்விடிஏ விசையோட எஃப்1 தட்டினா ஒரு பதிவேடு திறக்கும். அதுல அந்தப் பட்டனைப் பத்தி விண்டோஸுக்குத் தெரிஞ்ச எல்லாம் வரிசையா இருக்கும். பேர் காலி. வகை பட்டன். சாளரத்தோட இனப் பேர் இன்னது. கட்டுப்பாட்டு எண், உதாரணத்துக்கு, 1003. இந்த எண்தான் கைப்பிடி. மென்பொருளோட எக்ஸி பேர்லயே ஒரு பைத்தான் கோப்பைத் திறந்து, "பொருள் உருவாகிறப்ப எண் 1003 ஆ இருந்தா அதோட பேர் சேமி"ன்னு எழுதணும். சில வரிதான். என்விடிஏ, கன்ட்ரோல், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்தினா கோப்பு மறுபடி ஏறும். மென்பொருளுக்குத் திரும்பி டேப் தட்டினா:

"சேமி பட்டன்."

இன்னும் ஏழு பட்டனுக்கு ஏழு எண். அரை மணி நேர வேலை, அதோட அந்த மென்பொருள்ல எண்ணி எண்ணி நடக்கிற பாடு தீர்ந்துச்சு.

ஆனா பேர் வைக்கிறது தொடக்கம்தான். நல்ல ஸ்கிரிப்டோட உண்மையான வேலை வேற. எதை, எப்ப, எவ்வளவு சொல்லணும்னு தீர்மானிக்கிறது.

கண்ணால பார்க்கிறவர் திரை முழுக்க ஒரே நேரத்துல மேயறார். காதுக்கு அந்த வசதி இல்ல, ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது வரும். கஸ்டமர் கேர்ல வேலை செய்யற ஒருத்தருக்கு ஒரு காதுல வாடிக்கையாளர் குரல், இன்னொரு காதுல ஸ்கிரீன் ரீடர் குரல். "என் பாக்கி எவ்வளவுங்க?"ன்னு அந்தப் பக்கம் கேட்டா, பாக்கி இருக்கிற கட்டத்துக்கு இருபது டேப் தட்டிப் போய்ச் சொல்லிட்டு, எழுதிக்கிட்டு இருந்த இடத்துக்குத் திரும்பவும் இருபது டேப் தட்டி வரணும். அந்தத் திரையில எல்லாத்துக்கும் பேர் இருக்கலாம், சான்றிதழ் கூட வாங்கியிருக்கலாம், ஆனாலும் அதை வெச்சு வேலை ஓட்ட முடியாது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா, நின்ன இடத்தை விட்டு நகராமலே ஒரு விசையில பாக்கித் தொகை காதுல விழும். அதே விசையை ரெண்டு தடவை தட்டினா கடைசியாக் கட்டின தேதி. (ஒரே விசையை எத்தனை தடவை தட்டினாங்கன்னு பார்த்து நடந்துக்க ஜாஸ், என்விடிஏ ரெண்டுலயும் வசதி இருக்கு.) வேலையில நிலைச்சு நிக்கிறதும் நிக்காததும் பல பேருக்கு இந்த ஒரு விசையிலதான் இருக்கு.

என்விடிஏவோட சேர்ந்தே வர்ற சின்ன உதாரணம் ஒண்ணு: ஃபூபார்2000ங்கிற பாட்டு கேட்கிற மென்பொருள். ஓடுற பாட்டுல எவ்வளவு நேரம் மிச்சம்னு அதோட அடிப்பட்டையில சின்ன எழுத்துல இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்தினா என்விடிஏ அந்தப் பட்டையைப் படிச்சு, நேரத்தை மட்டும் பிரிச்சுச் சொல்லும். ஆனா பட்டையோட வடிவத்தை யாராவது அமைப்புகள்ல மாத்திட்டா இந்த விசை வேலை செய்யாதுன்னு பயனர் கையேட்டுலயே எச்சரிக்கை இருக்கு. இந்த நொறுங்குற தன்மையைப் பத்திப் பின்னால.

எதைச் சொல்லணும்னு தீர்மானிக்கிற வேலையை ரொம்ப முன்னாடியே ஆழமா யோசிச்சவர் டி.வி. ராமன். பதினாலு வயசுல கிளாக்கோமாவால பார்வை போனவர். ஐஐடி பாம்பேல படிச்சு, கார்னெல்ல முனைவர் பட்டம் வாங்கினார். 1995ல அவர் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக், திரையில இருக்கிறதைப் படிக்கிற பழக்கத்தையே விட்டுடுச்சு. ஈமேக்ஸ் எடிட்டர்ல ஏற்கெனவே இருக்கிற ஒரு கட்டளையைத் தொடாமலே அதுக்கு முன்னாலயோ பின்னாலயோ புது வேலை ஒண்ணை மாட்டிவிடலாம். "அடுத்த வரிக்குப் போ"ங்கிற கட்டளை முடிஞ்சதும் "அந்த வரியைச் சொல்லு"ன்னு மாட்டிவிட்டார். காலண்டரை வெச்சுப் பார்த்தா வித்தியாசம் பளிச்சுன்னு புரியும். திரையில இருக்கிறது எண்கள் நிரம்பின ஒரு கட்டம். அதைப் படிக்கிற ஸ்கிரீன் ரீடர் "12"ன்னு சொல்லும். எந்த மாசத்து 12, என்ன கிழமை? ஈமேக்ஸ்பீக் காலண்டர் நிரல்கிட்டயே கேட்டு, கிழமை, மாசம், வருஷத்தோட முழுத் தேதியையும் சொல்லும். கண்ணுக்காகக் கட்டம் போட்டு வெச்சதைக் காது வழியா மறுபடி கட்டிப் பார்க்க வேண்டிய தலைவிதி கேட்கிறவருக்கு இல்ல.

அதே சிந்தனை இசைத் துறையில ஓசாராவா வந்திருக்கு. ரீப்பர்னு ஒலிப்பதிவு மென்பொருள். அதோட முகப்பு அதுவே வரைஞ்சது, ஸ்கிரீன் ரீடர் கேட்கிற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஆனா வெளியார் நிரல் எழுதி உள்ள இணைக்க ரீப்பர் கதவைத் தாராளமா திறந்து வெச்சிருக்கு. என்விடிஏவை உருவாக்கினதுல பங்குள்ள அதே ஜேம்ஸ் டே, அந்தக் கதவு வழியா ஓசாராவை எழுதினார். அம்புக்குறி விசையில ஒரு டிராக்ல இருந்து அடுத்ததுக்குப் போனா அதோட பேரும் மியூட் ஆகியிருக்கா, சோலோ ஆகியிருக்காங்கிறதும் கேட்கும். அதுல பீக் வாட்சர்னு ஒண்ணு இருக்கு. ஒலி அளவு எல்லை மீறினா கண் தெரிஞ்ச இன்ஜினியருக்கு மீட்டர்ல சிவப்பு தெரியும். பீக் வாட்சர்ல எல்லையைக் குறிச்சு வெச்சா, மீறுறப்ப மட்டும் அது வாயைத் திறக்கும். மத்த நேரம் கப்சிப். இசையைக் காதால கேட்டுக்கிட்டே வேலை செய்யறவருக்கு அந்த அமைதியும் தேவை. கண்ணால வேலை செய்யற ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சா, மீட்டரை நொடிக்கு நொடி வாசிச்சுக் காட்டுற கருவியைத்தான் செஞ்சிருப்பார்.

தமிழ்ல இதுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு, பழைய எழுத்துருக்கள். பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவுல தட்டச்சின கோப்பு திரையில நல்ல தமிழாத் தெரியும். உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்து. பாமினியில "தமிழ்"னு அடிச்சதை ஸ்கிரீன் ரீடர் எழுத்தெழுத்தாப் படிச்சா "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்"னு வரும். ஒரு மனு, ஒரு சுற்றறிக்கை, ஒரு பாடப்புத்தகம் இந்த வடிவத்துல வந்தா, என்விடிஏவோட வர்ற இஸ்பீக் தமிழ்க் குரலால ஒண்ணும் பண்ண முடியாது. தமிழ் எழுத்தே அதோட கைக்கு வர்றதில்ல.

ஸ்கிரிப்ட்ல இது தீரும். தேர்ந்தெடுத்த பகுதியை எடுத்து, பாமினியை யூனிகோடா மாத்தி, குரலுக்கு அனுப்பினாப் போதும். எழுத்துக்கு எழுத்து மாத்தினா மட்டும் சரியா வராது. பாமினியில கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரச் சங்கிலியும் கண்ணுக்குத் தெரியற வரிசையில, மெய்க்கு முன்னாடியே அடிச்சிருக்கும். யூனிகோடுல மெய் முன்னாடி, உயிர்க்குறி பின்னாடி. இடம் மாத்தலைன்னா குரல் கொழகொழன்னு உளறும். இந்த மாற்றத்துக்கான பைத்தான் நிரல் ஓப்பன் தமிழ் தொகுப்புல ஏற்கெனவே இருக்கு. என்விடிஏவும் பைத்தான்ங்கிறதால ரெண்டையும் சேர்த்து ஒரு விசைக்குள்ள அடக்கிடலாம். (கோப்பை உருவாக்கறப்பவே யூனிகோடுல அடிச்சா இந்தப் பாடே வேண்டாம். இன்னும் பழைய எழுத்துருவுலயே கோப்பு அனுப்புற அலுவலகங்கள் இதை யோசிக்கணும்.)

இப்ப நொறுங்குற விஷயம். ஸ்கிரிப்ட் எதைப் பிடிச்சுத் தொங்குதுங்கிறதைப் பொறுத்துத்தான் அதோட ஆயுசு. ரொம்ப மோசமானது திரையில இடத்தைக் குறிச்சு வைக்கிறது: "இடமிருந்து 400, மேலிருந்து 60, அங்க மவுஸைக் கொண்டுபோய் கிளிக் பண்ணு." என்விடிஏவுக்கு கோல்டன் கர்சர்னு ஒரு ஆட் ஆன் இந்த இடங்களைப் பேர் போட்டுச் சேமிச்சுத் தரும். வேற வழியே இல்லாதப்ப இது உயிர் காக்கும். ஆனா திரை அளவை 100 சதவீதத்துல இருந்து 125 ஆக்கினாப் போதும், கிளிக் வேற எங்கேயோ விழும். கட்டுப்பாட்டு எண்ணோ யூஐ ஆட்டோமேஷன் தர்ற அடையாளமோ இதைவிட உறுதி. (மென்பொருளைத் தானியங்கியா சோதிக்கிறவங்களும் இதே அடையாளத்தைத்தான் பிடிச்சுக்கிறாங்க. யூஐ ஆட்டோமேஷன் ரெண்டு பேருக்காகவும் சேர்த்துச் செஞ்சதுதான்.) எல்லாத்தையும் விட உறுதியானது ஓசாரா மாதிரி, மென்பொருளே திறந்து வெச்ச கதவு வழியா உள்ள போறது.

என்ன பண்ணாலும் மென்பொருளோட முகப்பு அடியோட மாறினா ஸ்கிரிப்ட் படுத்துடும். கேக்வாக் கம்பெனியோட சோனார்ங்கிற இசை மென்பொருளுக்கு டான்சிங் டாட்ஸ் நிறுவனம் கேக்டாக்கிங்னு ஒரு ஜாஸ் ஸ்கிரிப்ட் தொகுப்பு வித்துக்கிட்டு இருந்துச்சு. பார்வையற்ற இசைக்கலைஞர்கள் நிறைய பேர் அதை நம்பித்தான் பதிவு பண்ணாங்க. 2010 கடைசியில சோனார் எக்ஸ்1 புது முகப்போட வந்துச்சு. அவங்கள்ல பல பேர் பழைய 8.5லயே தங்கிட்டாங்க. ஊரே புதுப் பதிப்புக்குப் போறப்ப, காசு கொடுத்து வாங்கின ஒருத்தர் பழசுலயே உட்கார்ந்திருக்க வேண்டி வர்றது சின்ன விஷயம் இல்ல.

சில நேரம் மென்பொருள் அப்படியே இருக்கும், அடியில இருக்கிற ஸ்கிரீன் ரீடர் மாறிடும். விண்டோ ஐஸ்னு ஒரு நல்ல ஸ்கிரீன் ரீடர், 2008ல வந்த 7ஆம் பதிப்புல ஸ்கிரிப்ட் வசதியைக் கொண்டுவந்துச்சு. 2017ல அதோட விற்பனையே நின்னுச்சு, அதுக்குன்னு எழுதின ஸ்கிரிப்டுகளும் அதோட முடிஞ்சுது. என்விடிஏ 2019.3 பதிப்புல பைத்தான் 2ல இருந்து 3க்கு மாறினப்ப, பழைய ஆட் ஆன்களைத் திருத்தி எழுத வேண்டியதாச்சு. எழுதினவர் கவனிக்காம விட்டது அப்படியே நின்னு போச்சு. சம்பளம் இல்லாம, ராத்திரி உட்கார்ந்து எழுதினவங்க அவங்க. குறை சொல்ல நியாயம் இல்ல. இவ்வளவு முக்கியமான வேலை தனி ஆளுங்களோட ஓய்வு நேரத்தை நம்பி நடக்குதே, தப்பு அங்கதான்.

பாதுகாப்பையும் சொல்லணும். ஆட் ஆனுக்குத் தனி வேலி கிடையாது. என்விடிஏவால முடியறது எல்லாம் அதுக்குள்ள ஓடுற ஆட் ஆனாலயும் முடியும், தட்டுற ஒவ்வொரு விசையும் அதுக்குத் தெரியலாம். அதனால யாரோ அனுப்பின கோப்பை அப்படியே நிறுவக்கூடாது. 2023.2 பதிப்புல இருந்து ஆட் ஆன் ஸ்டோர் உள்ளேயே இருக்கு, அங்க இருந்து எடுக்கிறது நல்லது. அலுவலகக் கணினியில நிறுவ ஐடி பிரிவு தயங்கினா அந்தத் தயக்கத்துல நியாயம் உண்டு. ஆனா "முடியாது"ன்னு ஒரே வார்த்தையில முடிக்காம, மூல நிரலை வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு அனுமதிக்கலாம். என்விடிஏ ஆட் ஆன்ங்கிறது வெறும் ஜிப் கோப்பு, பெரும்பாலும் உள்ள எல்லாம் படிக்கக்கூடிய பைத்தான்தான்.

இணையத்துக்கும் இதே வித்தை உண்டு. ஜேம்ஸ் டே எழுதின ஆக்ஸ்கிரீஸ்ங்கிற தொகுப்பு, உலாவியில கிரீஸ்மங்கி மாதிரி நீட்சி வழியா ஓடி, கிட்ஹப் போன்ற தளங்கள்ல விட்டுப்போன தலைப்புகளையும் பேர்களையும் பக்கம் திறக்கிறப்பவே போட்டுக் கொடுக்கும். அவர் பிற்பாடு மொசில்லாவுல சேர்ந்தார். 2023ல ஃபயர்பாக்ஸ் 113ல, ஸ்கிரீன் ரீடர் கேள்விக்குப் பதில் சொல்ற அணுகல் எஞ்சின் புதுசா மாத்தி எழுதப்பட்டு வந்துச்சு, அதுல அவருக்கு முக்கியப் பங்கு. வெளியில நின்னு ஒட்டுப்போட்டவர் உள்ள போய் அஸ்திவாரத்தையே சரி பண்ணார்.

உள்ள சரி பண்றது எவ்வளவு சுலபம்ங்கிறதுதான் ரொம்ப வருத்தம். விண்டோஸ் ஃபார்ம்ஸ்ல அக்சசிபிள் நேம்னு ஒரு கட்டம், இணையத்துல ஏரியா லேபிள்னு ஒரு பண்பு, ஆண்ட்ராய்டுல கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன். மூணுமே ஒரே ஒரு வரி. அதனால ஸ்கிரிப்ட் எழுதி முடிச்சதும் எந்தத் திரையில, எந்த எண்ணுள்ள பட்டனுக்கு, என்ன பேர் விட்டுப்போச்சுன்னு அந்தப் பட்டியலையே மென்பொருள் கம்பெனிக்கு அனுப்பிடணும். ஸ்கிரிப்டுக்காகச் சேகரிச்ச விவரம் புகாருக்கும் அப்படியே பொருந்தும்.

கம்பெனி ஒருநாள் திருத்தலாம்ங்கிறதை மனசுல வெச்சு ஸ்கிரிப்டையும் எழுதணும். எண் 1003க்கு "சேமி"ன்னு கண்ணை மூடிக்கிட்டுப் பேர் வைக்கக்கூடாது. முதல்ல பட்டனுக்குப் பேர் இருக்கான்னு பார்த்து, காலியா இருந்தா மட்டும் வைக்கணும். அடுத்த பதிப்புல கம்பெனி தானே பேர் கொடுத்துட்டா அந்தப் பேரே காதுல கேட்கும், ஸ்கிரிப்ட் தலையிடாது.